சம்பந்தியம்மாவுக்கு ஒரு வாக்கியம்

வீடியோ அழைப்பில் மாப்பிள்ளையின் அம்மா மூன்று நிமிடம் பேசினார். கைகளை விரித்தார், நெஞ்சைத் தொட்டார், எதையோ நினைத்துக் குலுங்கிச் சிரித்தார், பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி யாரையோ ஒரு பிடி பிடித்தார். எல்லாம் முடிந்ததும் திரையின் மூலையில் இருந்த மகள் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்கப்பா."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாரா, வரிசையில் காத்திருந்தபோது மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாரா என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். சொந்த மகள் முக்கால்வாசியை முழுங்குவது அவருக்குத் தெரியாதா?

மகள், கூட வேலை பார்த்தவனைக் காதலித்தாள். பையன் தங்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதைத் தவிர. கல்யாணம் முடிந்ததும் அவன் அம்மா வீட்டு மாடியில் குடித்தனம். அந்தம்மாவுக்குப் போர்த்துகீசிய மொழி மட்டும்தான் தெரியும். கல்யாணப் பேச்சுக்கு நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வர இன்னும் பத்து வாரம் இருந்தது.

பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனுக்குச் சம்பந்தியிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கும். என் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அதை அந்தப் பெண்ணிடமே கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? "நான் என்ன பச்சைக் குழந்தையாப்பா?" என்று முறைப்பாள். அந்தப் பக்கம் திரும்பி, "அப்பா உங்களை விசாரிச்சார்" என்று சொல்லி வைப்பாள். போனில் மொழிபெயர்க்கிற குரலிடம் கொடுத்துப் பார்த்தார். அது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொன்னது. பெற்ற பெண்ணை மூன்றாவது நடைமேடையில் ஏற்றி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தன் வாயால் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினார்.

எதிர்க்கடை சலூன்காரர்தான் வழி காட்டினார். "மார்க்கெட் பின்னாடி ஒரு டீச்சரம்மா பாட்டு பாடியே போர்ச்சுகீஸ் கத்துக் குடுக்கறாங்களாம். நானும் சேரலாம்னு இருக்கேன். ஃபுட்பால் மேட்ச் பாக்கும்போது அந்த ஊர் ஆளுங்க திட்டறது என்னன்னு தெரியாம எத்தனை நாள்தான் உக்காந்திருக்கறது?"

வகுப்பு, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியில். கீழே யாராவது எடையைத் தொப்பென்று போட்டால் மேலே தரை அதிரும். டீச்சர் அதையும் வீணாக்கவில்லை. "நம்ம ட்ரம்ஸ் கீழ இருக்கு" என்றார் முதல் நாளே. பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலில் இசைக்குழுவோடு பாடியவர் அவர். கப்பல் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, மொழியைக் காதால் பொறுக்கிக்கொண்டு வந்தவர். இலக்கணப் புத்தகத்தைத் தொட்டால் தும்மல் வருகிறது என்பார்.

"எதுக்குக் கத்துக்கறீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல" என்று கரும்பலகை முன்னால் நின்றார். "யார்கிட்ட என்ன சொல்லணும்? ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. நான் ட்யூன் போட்டுத் தரேன். அது தொண்டையில ஏறி உக்காந்துடுச்சுன்னா மிச்ச மொழி தானா பின்னாடி வரும்."

மொத்தம் ஏழு பேர். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்த நர்ஸ், "பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டாள். டீச்சர் அதற்குத் தாலாட்டு மெட்டுப் போட்டார். சலூன்காரர், "அது கோல்தான்யா, உனக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டார். அதற்கு அணிவகுப்பு மெட்டு. மேஜையைத் தட்டுகிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். கத்தரிக்கோல் பிடித்த கை, தாளம் பிசகவே இல்லை.

கண்ணாடிக்காரர் முறை வந்தது. எழுந்து நின்றார். என் பெண்ணை, என்று மனசுக்குள் ஆரம்பித்ததுமே மூக்கு நுனி காந்தியது. ஆறு பேர் நடுவே, அதுவும் தினமும் எதிரெதிரே கடை திறக்கிற சலூன்காரர் முன்னால், ஐம்பத்தைந்து வயது ஆள் கண் கலங்குவதா? சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இடது கண்ணை மூடுங்க. என்ன தெரியுது?"

"அங்கயும் போய்க் கடை போடப் போறீங்களா?" என்றார் சலூன்காரர்.

டீச்சருக்கு வாக்கியம் பிடித்துப்போயிற்று. இருக்கிறதிலேயே துள்ளலான மெட்டை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டார். *ஃபேஷி உ ஓல்யு எஸ்கேர்து, உ கி வே?* கேள்வி மேலே ஏறி நிற்கும். பதிலுக்கு இன்னொரு கோஷ்டி இறங்கி வரும். தெளிவாகத் தெரிந்தால் *க்லாரு.* மங்கலாகத் தெரிந்தால் *எம்பாசாது.* ஏழு பேரும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு, மாடி அதிரப் பாடினார்கள். கீழே எடை தூக்கியவர்கள் எண்ணிக்கையை மறந்தார்கள்.

மூன்றாம் வாரம் பழக்கவழக்கப் பாடம். அந்த ஊர்க்காரர்கள் சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைத்து, உதட்டால் காற்றில் ஒரு முத்தச் சத்தம் என்றார் டீச்சர். ஜோடி ஜோடியாகப் பழகுங்கள் என்று சொன்னதும் ஏழு பேரும் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்காரர்தான் வகுப்பின் மானத்தைக் காப்பாற்றினார். கடையில் கண்ணாடி மாட்டி வைக்கிற பிளாஸ்டிக் தலைகளில் நான்கை அடுத்த வகுப்புக்குப் பையில் போட்டு எடுத்துவந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. நர்ஸின் உதட்டுச்சாயம் இரண்டு தலைகளில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அதே தலைகளோடு கடையில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மனைவி சாப்பாட்டுக் கூடையுடன் உள்ளே வந்தார். கணவர் ஒரு பிளாஸ்டிக் கன்னத்தில் கன்னம் வைத்து, "ம்வா" என்பதைப் பார்த்தார். கூடையை மேஜையில் வைத்தார்.

"சாயந்தரம் வீட்டுக்கு வருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நாளாக ஆக மெட்டு கடைக்குள்ளும் புகுந்துவிட்டது. வருகிறவர்களைச் சோதனை நாற்காலியில் உட்கார வைத்ததும் கை தன்னால் இடது கண்ணைக் காட்டும், தொண்டை தன்னால் *ஃபேஷி* என்று எடுக்கும். வாடிக்கையாளர்களும் மறுபேச்சில்லாமல் மூடினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும், "இது புது மிஷினா?" என்று விசாரித்தார். கண்ணாடிக்காரருக்கு வாழ்க்கையில் இவ்வளவு குஷி எப்போது இருந்தது என்று நினைவில்லை. வாய் திறந்தால் வேற்று மொழி வருகிறது. பசிக்குச் சொல் தெரியும், பயத்துக்குச் சொல் தெரியும், நாய்க்கும் தெரியும். வகுப்பு நடக்கிற செவ்வாயும் வெள்ளியும் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

ஆனால் எதற்காகப் போனாரோ அது மட்டும் அவரிடம் இல்லை. பத்து வாரமும் ஓடிவிட்டது. சம்பந்தியம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றால், இவர் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் போய் நின்றார். உண்மையான வாக்கியத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

டீச்சர் தலையில் கை வைத்தார். "இதை மொத நாளே சொல்றதுக்கென்ன? பத்து வாரம் பாடியிருக்கலாமே."

"வெக்கமா இருந்துச்சு டீச்சர்."

டீச்சர் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். *குய்தி தா மின்யா ஃபில்யா.* மெட்டுப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார் கண்ணாடிக்காரர். "ரெண்டு நாள்ல ஏறாதுங்க. இதை வெறும் வாயால சொல்லுங்க, போதும்" என்றார் டீச்சர். வெறும் வாயால் சொல்ல வந்தால்தான் அவருக்குக் குரல் பாதியில் கம்மியது. சனிக்கிழமை முழுக்கக் குளியலறையில் முயன்றார். ஒரு தடவைகூட *ஃபில்யா* வரைக்கும் போய்ச் சேரவில்லை.

ஞாயிறு பதினோரு மணி. வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அழைக்காமலேயே சலூன்காரரும் நர்ஸும் வந்திருந்தார்கள். "இந்தப் பக்கமா போனோம்" என்றார் சலூன்காரர். அவர் கடை இருப்பதே இந்தப் பக்கம்தான். மனைவி இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தட்டுகளில் இரண்டைக் கூட்டினார்.

கார் நின்றது. மாப்பிள்ளை இறங்கினான், மகள் இறங்கினாள், பின்னாலேயே சம்பந்தியம்மா இறங்கினார். திரையில் பார்த்ததைவிட உயரம். தோளில் பெரிய கைப்பை. காதோரம் ஒட்டுநாடா சுற்றிய ஒரு பழைய கண்ணாடி. நேராகப் படியேறி வந்து கண்ணாடிக்காரர் முன்னால் நின்று சிரித்தார். இப்போது இவர் நல்வரவு சொல்ல வேண்டும். அதற்கும் பாட்டு படித்திருந்தார்கள். ஆனால் வாயைத் திறந்தால் தலைக்குள் துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். மனைவி முழங்கையால் இடித்தார். தொண்டை தன்னிடம் இருந்ததை எடுத்து வெளியே விட்டது.

"*ஃபேஷி உ ஓல்யு எஸ்கேர்து, உ கி வே?*"

உச்சஸ்தாயியில், துள்ளலாக, கை ஜாடையோடு.

மகள் கண்களை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை செருப்பைப் பார்த்தான். பத்து வாரப் பழக்கம் சலூன்காரரைச் சும்மா விடுமா? கதவில் தாளம் விழுந்தது. தாளம் விழுந்தால் நர்ஸால் பாடாமல் இருக்க முடியாது. மூன்று பேருமாக இரண்டாவது தடவை, இன்னும் பலமாக, வந்த விருந்தாளியை இடது கண்ணை மூடச் சொன்னார்கள்.

சம்பந்தியம்மா கைப்பையை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ரொம்பப் பொறுப்பாக உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தினார். கண்ணாடிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சரமாரியாகப் பேச ஆரம்பித்தார்.

"உங்களைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்ங்கறாங்க" என்றாள் மகள் அவசரமாக.

"பொய்" என்றார் கண்ணாடிக்காரர். நடுவில் ஒரு சொல் பளிச்சென்று அவர் காதில் விழுந்திருந்தது. "எம்பாசாதுன்னு சொன்னாங்க. நான் மங்கலா தெரியறேனாம்."

அந்தம்மாவைப் பார்த்து, "*எம்பாசாது?*" என்று கேட்டார்.

"*எம்பாசாது, எம்பாசாது*" என்று சம்பந்தியம்மா அவரைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். வயிறு குலுங்கிற்று. நேரே வந்து கன்னத்தோடு கன்னம் வைத்தார். கண்ணாடிக்காரர் பழகியதெல்லாம் அசையாத தலைகளிடம். இது அசைந்தது. மூக்கும் மூக்கும் இடித்தன, இரண்டு மூக்குக்கண்ணாடிகளும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. இரண்டு குடும்பங்களும் சுற்றி நின்று பார்க்க, நர்ஸ் வந்து பிரித்துவிட்டாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

கையில் அகப்பட்ட சம்பந்தியம்மாவின் கண்ணாடியைக் கண்ணாடிக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது பக்கம் முழுக்கக் கீறல். பவர் ஏழெட்டு வருஷத்துக்கு முந்தையது. அதோடு அவர் பயமெல்லாம் பறந்துவிட்டது. மோசமான ஒரு கண்ணாடியைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

"கடைக்கு வாங்க" என்றார் தமிழிலேயே.

"இப்பவா? சாப்பாடு ஆறிப்போகும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சூடு பண்ணிக்கலாம். இவங்களுக்கு என் முகமே தெரியலையாம், அப்புறம் சாப்பாடு எங்க தெரியப் போகுது?"

கடை இரண்டு கட்டடம் தள்ளி இருந்தது. சம்பந்தியம்மா கைப்பையைத் திரும்ப வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இவர் கையைப் பிடித்துக்கொள்ள, பின்னால் மகள், மாப்பிள்ளை, நர்ஸ், சலூன்காரர், கடைசியில் கரண்டியோடு மனைவி என்று ஊர்வலமே போயிற்று. ஷட்டரைத் தூக்கியதும் வரிசையாகத் தலைகள். உதட்டுச்சாயம் பூசிய கன்னங்களைச் சம்பந்தியம்மா பார்த்தார், கண்ணாடிக்காரரைப் பார்த்தார், ஏதோ சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

சோதனை அறை கடையின் பின்பக்கம். ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, எதிர்ச்சுவரில் ஆங்கில எழுத்துப் பலகை. மகளும் உள்ளே நுழையப் பார்த்தாள்.

"நான் இல்லாம எப்படிப்பா பேசுவீங்க?"

"ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு. நீ வெளிய இரு." கதவைச் சாத்தினார். நிஜமாகவே இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது.

விளக்கை அணைத்தார். பலகை மட்டும் வெளிச்சமாக நின்றது. சம்பந்தியம்மாவின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தார். இப்போது மெட்டு மெல்லிசாக வந்தது. இவர் முணுமுணுப்பாகக் கேட்க, அந்தம்மாவும் முணுமுணுப்பாகவே பதில் பாடினார். *எம்பாசாது. எம்பாசாது.* ஒரு வில்லை. இன்னொன்று. மூன்றாவது விழுந்ததும் அந்தம்மா மூச்சை இழுத்தார். "*க்லாரு*" என்றார். கடைசி வரி வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு தலையைத் திருப்பி, அந்தக் கனமான சட்டத்தோடேயே, பலகை வெளிச்சம் பட்ட கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். "*க்லாரு*" என்றார் மறுபடியும்.

இதை விட்டால் வேறு நேரம் கிடையாது. வெளியே போனால் மகள் இருப்பாள், சாப்பாடு இருக்கும், சலூன்காரர் இருப்பார். கண்ணாடிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். வில்லைப் பெட்டியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மெட்டில்லாமல், தாளமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"*குய்தி... தா மின்யா...*"

கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"*...ஃபில்யா.*"

சொல்லிவிட்டார். இருட்டில் அந்தம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அவருக்கு வேர்த்தது. எழுந்து விளக்கைப் போட்டார்.

சம்பந்தியம்மா சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, மேஜையில் பவர் எழுதுகிற சீட்டுக் கட்டை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். வெற்றுச் சீட்டு ஒன்றில் ஒன்று என்று எண் போட்டு, சுழித்து, நிமிர்ந்து பார்த்தார்.

"*கோன்தா*" என்றார். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். மகள் பிறந்த இந்த இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. சொல்ல எத்தனையோ இருந்தது. சொற்கள்தான் நாற்பதோ ஐம்பதோ இருந்தன.

"*ஃபோமி*" என்றார். பசி. வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகு புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, மேஜையில் ஒரு குத்து விட்டார். பசித்தால் அவளுக்குக் கோபம் வரும். மனசில் வேறொன்றும் இருக்காது, பசிதான். அந்தம்மா வேகமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். இரண்டு என்று போட்டார்.

"*மேது*" என்றார். பயம். நாய்க்கான சொல்லை நன்றாகப் படித்திருந்தார், அந்த நேரம் பார்த்து அது எங்கேயோ போய்விட்டது. வேறு வழியில்லாமல் குரைத்தார். அந்தம்மாவுக்குச் சரியாகப் புரிகிற வரைக்கும், சின்ன நாயாக ஒரு தடவை, பெரிய நாயாக ஒரு தடவை.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது. "கண் டெஸ்டுக்கு எதுக்குக் குரைக்கறார்?"

"புது மிஷினா இருக்கும்" என்றார் சலூன்காரர்.

உள்ளே இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கிய பிறகு சம்பந்தியம்மா மூன்று என்று போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அதற்குக் கண்ணாடிக்காரரிடம் ஒரு சொல்லும் இல்லை. டீச்சர் சொல்லித்தந்ததில் தேடினார், பாட்டுகளில் தேடினார். கையை விரித்தார். கடைசியில் தமிழிலேயே சொன்னார்.

"அழுதாள்னா, கிட்ட போனா போன்னு விரட்டுவா. கதவைச் சாத்திக்குவா. போன்னு சொல்றாளேன்னு போயிடாதீங்க. கதவுக்கு இந்தப் பக்கமே கொஞ்ச நேரம் உக்காந்திருங்க. ஒண்ணும் பேச வேணாம். அவளே தொறப்பா."

அந்தம்மாவுக்கு இதில் ஒரு சொல்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு, கேட்ட சத்தங்களை ஒவ்வொன்றாகத் தன் எழுத்தில் எழுதினார். தவறவிட்ட இடத்தில் பேனாவைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடிக்காரர் திரும்பச் சொன்னார். கடைசிச் சொல் வரைக்கும் எழுதி முடித்து, சீட்டை நான்காக மடித்து, பாஸ்போர்ட் வைத்திருந்த உள்ளறையில் வைத்து, கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.